வாரம் ஒரு புதிர்

(சங்கத்தின் கொல்கத்தா உறுப்பினர்கள் கூட்டத்தில், ஓய்வு பெற்ற பள்ளி நூலகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"நம் குழந்தைகள் ஏன் புத்தகத்தைத் தொடுவதில்லை?" என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டார். அந்தத் தலைப்பில் பேசினால் எல்லோரும் சேர்ந்து அரைமணி நேரம் பெருமூச்சு விடலாம். அதனால் எந்தப் பலனும் இல்லை. தொட வைப்பதற்கு ஒரு வழி எனக்குத் தெரியும். அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்றேன். பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டார்.

வெளியூர் உறுப்பினர்களும் இந்த உரையைப் படிப்பார்கள் என்பதால் எங்கள் பேட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை. லேக் மார்க்கெட் தென் கொல்கத்தாவில், ராஷ்பிஹாரி அவென்யூவில் இருக்கிறது. வாழை இலை, முருங்கைக்காய், தொடுத்த மல்லிகை, காப்பிப்பொடி, அப்பளம் எல்லாம் கிடைக்கும். பூ விற்கிற வங்காளிக்காரர் "எத்தனை முழம்?" என்று தமிழில் கேட்பார். ஜனக் ரோடு, பராசர் ரோடு, லேக் வியூ ரோடு என்று இங்கே இரண்டு மூன்று தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. முன்பு போல இப்போது இல்லை. பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். இருக்கிற குடும்பங்களில் குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றன. தெருவில் வங்காளி, பள்ளியில் ஆங்கிலம், டெலிவிஷனில் ஹிந்தி. தமிழ் எழுத்து மட்டும் பல குழந்தைகளுக்குத் தெரியாது.

இந்தப் பகுதிக்கு அருகில் உள்ள ஒரு பள்ளியில் நான் பல வருஷங்கள் நூலகராக இருந்தேன். பள்ளியின் பெயர் இங்கே அவசியமில்லை. நான் சொல்லப் போவது எந்தப் பள்ளிக்கும் பொருந்தும்.

பூட்டிய அலமாரி

வாரத்துக்கு ஒரு நூலக வகுப்பு உண்டு. குழந்தைகள் வரிசையாக வருவார்கள், உட்காருவார்கள், வீட்டுப்பாடத்தை முடிப்பார்கள், மணி அடித்ததும் போவார்கள். புத்தக அலமாரிகளுக்குக் கண்ணாடிக் கதவு, அதற்குப் பூட்டு. புத்தகம் தொலையக் கூடாது என்பதுதான் அங்கே முதல் விதி. அதனால் ஒரு புத்தகமும் தொலையவில்லை. ஒரு புத்தகமும் கிழியவில்லை. ஒரு புத்தகத்தையும் யாரும் படிக்கவுமில்லை.

ஒரு வருஷம் நிர்வாகத்தில் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, நூலக வகுப்பை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் கணக்குப் பயிற்சித் தேர்வு வைப்பது. இரண்டாவது, யாரும் தொடாத புத்தகங்களைக் கழித்துவிட்டு அந்த இடத்தில் கம்ப்யூட்டர் மேஜைகள் போடுவது. கழிக்க வேண்டிய பட்டியலில் முதலில் இருந்தது தமிழ் அலமாரி. பழைய குடும்பங்கள் நன்கொடையாகக் கொடுத்தவை அவை: வாண்டுமாமா கதைகள், கல்கியின் நாவல்கள், பைண்டு செய்த அம்புலிமாமா, கணக்கதிகாரம், சங்கீதப் புத்தகங்கள். "இவற்றைக் கடைசியாக யார் எடுத்தார்கள்?" என்று கேட்டார்கள். பதிவேட்டைப் பார்த்தால் பதில் சொல்ல வெட்கமாக இருக்கும். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதனால் வாதாடிப் பிரயோஜனமில்லை, பதிவேடுதான் பதில் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தேன். எனக்கு ஒரு கல்வியாண்டு அவகாசம் கொடுத்தார்கள்.

வினாடி வினாவா, புதிரா?

கொல்கத்தா வினாடி வினா நகரம். 1967-ல் நீல் ஓ'பிரையன் இங்கேதான் நம் நாட்டின் முதல் பொது வினாடி வினாவை நடத்தினார் என்பார்கள். வானொலியில் சயானி சகோதரர்கள் நடத்திய போர்ன்விட்டா போட்டியைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த சபையில் பலர் இருப்பீர்கள். ஆகவே சக ஆசிரியர்கள் எல்லோரும், "நூலகத்தில் குவிஸ் வையுங்கள்" என்றார்கள்.

நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. வினாடி வினாவில் ஜெயிப்பது ஏற்கெனவே தெரிந்த குழந்தை. வீட்டில் பத்திரிகை வாங்குகிறவர்கள், அப்பா அம்மா உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறவர்கள், அவர்கள் வீட்டுக் குழந்தை மேடையில் பளிச்சென்று பதில் சொல்லும். மற்ற முப்பத்தைந்து குழந்தைகள் கை தட்டும். அங்கே நூலகத்துக்கு வேலையே இல்லை. புதிர் அப்படியல்ல. புதிர் போடும்போது விடை யாருக்குமே தெரியாது. எழுந்து போய்த் தேடினால்தான் கிடைக்கும். தேடுவதற்குத்தான் நூலகம்.

புதிர் நமக்குப் புதிதும் இல்லை. தொல்காப்பியம் இதைப் "பிசி" என்கிறது. பாட்டிமார்கள் விடுகதை போட்டிருக்கிறார்கள். வேதாளம் விக்கிரமாதித்தனிடம் ஒவ்வொரு கதை முடிவிலும் ஒரு கேள்வி கேட்கும். அந்தக் கேள்விக்காகவே கதையைக் கவனமாகக் கேட்போம். வங்காளிகளும் இதில் நமக்குச் சளைத்தவர்கள் அல்லர். அவர்கள் புதிரைத் "தாந்தா" என்பார்கள். சத்யஜித் ராய் தம் பாட்டனார் 1913-ல் ஆரம்பித்த 'சந்தேஷ்' பத்திரிகையை 1961-ல் மறுபடி உயிர்ப்பித்தார். அதில் 1965-ல் அவர் படைத்த துப்பறியும் ஃபெலுதாவின் வீடு ரஜனி சென் ரோடில் இருப்பதாக எழுதினார். அந்த ரோடு லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான்! ஒரு கதையில் கிளி சொல்லும் ஒரு வாக்கியத்துக்குள் இரும்புப் பெட்டியின் எண்கள் ஒளிந்திருக்கும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் கதை அத்துப்படி. ஆக, மண் தயாராகவே இருந்தது.

முறை

செலவு ஒரு செருப்பு டப்பா, ஒரு கட்டு அட்டை, ஒரு நோட்டுப் புத்தகம். திங்கட்கிழமை காலை நூலக வாசலில் ஓர் அட்டை தொங்கும். அதில் ஒரே ஒரு புதிர். வெள்ளிக்கிழமை மாலைக்குள் விடையை எழுதி டப்பாவில் போட வேண்டும். விதிகள் நான்கு.

முதல் விதி: விடையோடு புத்தகத்தின் பெயரையும் பக்க எண்ணையும் எழுத வேண்டும். பக்க எண் இல்லாத விடை, சரியாக இருந்தாலும் செல்லாது.

இரண்டாவது: விடை இந்த அறையில் உள்ள புத்தகத்தில்தான் இருக்கும். இதைச் சற்று விளக்க வேண்டும். இன்று கைப்பேசியில் எதைக் கேட்டாலும் இரண்டு நொடியில் பதில் வந்துவிடுகிறது. 'பாரதத்தின் மிக நீளமான நதி எது' என்று புதிர் போட்டால் அது புதிரே அல்ல. ஆனால், 'ஐந்தாம் தட்டில் பச்சை அட்டை போட்ட புத்தகத்தில் ஒரு படமும் அதன் கீழுள்ள குறிப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. எந்தப் பக்கம்?' என்று கேட்டால் கைப்பேசி என்ன செய்யும்? எழுந்து போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

மூன்றாவது: மூன்று பேர் சேர்ந்துதான் விடை தர வேண்டும். தனியாகத் தரக் கூடாது. கெட்டிக்காரக் குழந்தை ஒன்றே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க இது.

நான்காவது: பரிசு கிடையாது. ஜெயித்தவர்கள் அடுத்த வாரத்துக்கு அடுத்த புதிரைத் தயாரிக்க வேண்டும்.

பரிசு ஏன் கூடாது?

இந்த நான்காவது விதிக்குத்தான் பெற்றோரிடமிருந்து எதிர்ப்பு வந்தது. "ஒரு பேனா கொடுத்தால் என்ன? நான் வாங்கித் தருகிறேன்" என்று அன்போடு சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொன்ன ஒரு பரிசோதனையை உங்களுக்கும் சொல்கிறேன். 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்டது. படம் வரைவதில் தானாகவே ஆசை உள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு, 'வரைந்தால் அழகான சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அப்படிச் சொல்லவில்லை. சில நாள் கழித்து, பரிசு எதுவும் இல்லாத சமயத்தில் கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஆசையாகச் செய்த காரியம் கூலிக்குச் செய்யும் காரியமாகிவிட்டது. கூலி நின்றதும் காரியமும் குறைந்தது.

புதிர் தயாரிக்கும் உரிமை அப்படியல்ல. ஒரு நல்ல புதிர் போட வேண்டுமானால் குறைந்தது இரண்டு மூன்று புத்தகங்களையாவது புரட்ட வேண்டும். மற்றவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று யோசிக்க வேண்டும். விடை சரிதானா என்று இரண்டு தடவை பார்க்க வேண்டும். ஆக, ஜெயித்தவர்களுக்குக் கிடைத்த பரிசே மேலும் படிப்பதுதான். இது அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

சில புதிர்கள்

முதல் மாதம் எளிய புதிர்கள். ஓர் உதாரணம்: '1907-ல் இந்த ஊருக்கு அரசாங்கக் கணக்கு இலாகா அதிகாரியாக வந்த ஒரு தமிழர், ஆபீஸ் முடிந்து மாலையில் ஒரு தெருவுக்குத் தவறாமல் போனார். அந்தப் பழக்கத்தால் அவருக்கு 1930-ல் ஒரு பரிசு கிடைத்தது. அவர் யார்? அது எந்தத் தெரு? வரைபடத்தில் காட்டு.' ஸி.வி. ராமன் என்று பாதிப் பேர் உடனே சொல்லிவிட்டார்கள். ஆனால் தெரு வேண்டுமே! வாழ்க்கை வரலாற்றைப் புரட்டி பௌபஜார் தெருவைக் கண்டுபிடித்து, கொல்கத்தா வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. தினமும் அந்தத் தெரு வழியாகவே பள்ளிக்கு வரும் ஒரு பையனுக்கு அன்று ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது.

அடுத்தது ராமானுஜன் புதிர். இது சபையில் உள்ள பெரியவர்களுக்கும் பிடிக்கும். 1914-ன் கடைசியில், கேம்பிரிட்ஜில் ராமானுஜன் தம் அறையில் காய்கறியை வாணலியில் கிளறிக்கொண்டிருந்தார். உடன் இருந்தவர் நம் கொல்கத்தாவின் பிரசாந்த சந்திர மஹலானோபிஸ். பிற்பாடு 1931-ல் இங்கே இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினாரே, அவர்தான். 'ஸ்டிராண்ட்' பத்திரிகையில் வந்த ஒரு புதிரை அவர் வாசித்துக் காட்டினார். ஒரு நீண்ட தெரு. வீடுகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண். ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் ஐம்பதுக்கு மேல் ஐந்நூறுக்குள் வீடுகள். அந்த வீட்டின் எண் என்ன? மஹலானோபிஸ் சில நிமிஷம் யோசித்து விடை கண்டிருந்தார்: 288 வீடுகள் உள்ள தெருவில் 204-ஆம் எண். ராமானுஜனோ கரண்டியைக் கீழே வைக்காமலே, இந்த மாதிரியான எல்லாத் தெருக்களுக்கும் ஒரே வாய்பாடாக ஒரு தொடர்பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார்.

குழந்தைகளுக்கு அவ்வளவு பெரிய தெரு வேண்டாம். எட்டு வீடுகள் உள்ள தெரு என்று போட்டேன். விடை ஆறு. ஒன்று முதல் ஐந்து வரை கூட்டினால் 15. ஏழும் எட்டும் 15. இதைக் கண்டுபிடித்த மூன்று பேர் அடுத்த பெரிய தெருவைத் தேடிக்கொண்டு ஜனக் ரோடு வீட்டு எண்களை எழுத ஆரம்பித்தார்கள். கணக்கு ஆசிரியர் என்னிடம் வந்து, "என் வகுப்பில் கூட்டல் தொடருக்குக் கொட்டாவி விடுகிற பிள்ளைகள் உங்கள் அறையில் எப்படி?" என்று கேட்டார். 2020 தேசியக் கல்விக் கொள்கை, கணக்கைப் புதிர்கள் வழியாகவும் விளையாட்டுகள் வழியாகவும் கற்பிக்கச் சொல்கிறது. எங்கள் அட்டை அதற்கு முந்தியது.

மூன்றாவது, பலாப்பழப் புதிர். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளின் எண்ணிக்கையைச் சொல்ல ஒரு கணக்கு உண்டு. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். 'இது உண்மையா?' என்பதே புதிர். லேக் மார்க்கெட்டிலிருந்து ஒரு முழுப் பழம் வந்து இறங்கியது. எண்ணினோம், அறுத்தோம், மறுபடி எண்ணினோம். கணக்கு ஓர் எண்ணைச் சொன்னது, பழம் வேறு எண்ணைச் சொன்னது. அதற்காக யாரும் வருத்தப்படவில்லை. "எந்த வரிசை முள்ளைக் காம்பு முள் என்று கொள்ள வேண்டும்?" என்று ஒரு கட்சி. "ஒரு பழத்தை வைத்து முடிவு கட்டலாமா?" என்று இன்னொரு கட்சி. புத்தகத்தில் அச்சாகியிருப்பதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று அந்தப் பிள்ளைகளுக்கு அன்று தெரிந்தது. நூலகத்தில் ஒரு வாரம் பலாப்பழ வாசனை போகவில்லை. தலைமை ஆசிரியை மூக்கைச் சுளித்தார், சுளையையும் சாப்பிட்டார்.

தமிழ் அலமாரி

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மற்ற அலமாரிகளுக்கு வாசகர்கள் வந்துவிட்டார்கள். தமிழ் அலமாரிக்கு? படிக்கத் தெரிந்தவர்களே இல்லாதபோது புதிர் போட்டு என்ன?

ஒரு வாரம் வங்காளிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதித் தொங்கவிட்டேன். 'இது ஒரு ரகசிய லிபி. உடைத்துக் காட்டு' என்பது மட்டும் ஆங்கிலத்தில். அருகில் உயிரெழுத்து மெய்யெழுத்து அட்டவணை ஒன்று. வங்காளிக் குழந்தைகள் பாய்ந்து வந்தார்கள். 'மாச்' என்பது மீன் என்று ஐந்தே நிமிஷத்தில் உடைத்தார்கள். அடுத்த சொல்லில் வேடிக்கை. வங்காளியில் புத்தகத்துக்கு உள்ள சொல்லைத் தமிழில் எழுதினால் 'பொய்' என்று வரும்! தமிழ் பேசும் ஒரு பெண் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "மிஸ், நூலகத்தில் பொய் என்று எழுதியிருக்கிறீர்களே?" என்றாள். அவளுக்கு அர்த்தம் ஒன்று, பக்கத்திலிருந்த வங்காளிப் பெண்ணுக்கு அர்த்தம் வேறு. இருவரும் சிரித்த சிரிப்பில் மற்ற வகுப்புகள் எட்டிப் பார்த்தன.

இதில் நான் கவனித்தது ஒன்று. அதுவரை நம் குழந்தைகளில் சிலர் பள்ளியில் தமிழ் பேசவே கூசுவார்கள். பாட்டி வாசலுக்கு வந்து தமிழில் கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி நடப்பார்கள். ரகசிய லிபி வந்த வாரத்திலிருந்து நிலைமை மாறியது. வங்காளித் தோழர்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டு, "இது என்ன எழுத்து? இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். தெரியாது என்று சொல்ல எந்தக் குழந்தைக்கு மனசு வரும்? ஜனக் ரோடில் வசித்த ஓர் ஏழாம் வகுப்புப் பெண், ழகரத்துக்கும் ளகரத்துக்கும் வித்தியாசம் கேட்டுக்கொண்டு பாட்டியிடம் போனாள். "இத்தனை வருஷம் நான் சொல்லிக் கொடுக்கிறேன்னு கூப்பிட்டப்போ வராதவ, இப்போ ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்லேட்டைத் தூக்கிண்டு வரா" என்று அந்தப் பாட்டி என்னைக் கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னார்.

பிறகு மேளகர்த்தா புதிர். 72 மேளகர்த்தா ராகங்களின் பெயர்களில் அவற்றின் எண்கள் ஒளிந்திருப்பது சங்கீதம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கடபயாதி முறைப்படி, க முதல் ஒன்பது எழுத்துக்கு 1 முதல் 9. ட முதல் ஒன்பதுக்கும் அப்படியே. ப முதல் ஐந்துக்கு 1 முதல் 5. ய முதல் எட்டுக்கு 1 முதல் 8. ஞ, ந இரண்டும் சூன்யம். பெயரின் முதல் இரண்டு எழுத்துக்களின் எண்களைத் திருப்பிப் போட்டால் ராகத்தின் எண். மாயாமாளவகௌளையில் 'மா' ஐந்து, 'யா' ஒன்று, திருப்பினால் 15.

அட்டையில் எழுதினேன்: 'தீரசங்கராபரணம் தட்டு, முதல் புத்தகம்; மாயாமாளவகௌளைப் பக்கம்; ஹனுமத்தோடி வரி. அங்கே உள்ள முதல் சொல் என்ன?' தட்டுகளுக்கெல்லாம் எண் ஒட்டியிருந்தேன். பாட்டு கற்றுக்கொள்ளும் நம் குழந்தைகளுக்கு ராகத்தின் பெயர் தெரியும். ஆனால் தீரசங்கராபரணத்தின் முதல் எழுத்தைத் தமிழில் எழுதினால் 'தீ'. நம் லிபியில் த ஒன்றுதான். அது ஆறா, ஏழா, எட்டா, ஒன்பதா? இங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். வங்காளி லிபியிலோ நான்கு த உண்டு. பக்கத்திலிருந்த வங்காளிப் பையன் அந்தப் பெயரை உச்சரிக்கச் சொல்லிக் கேட்டு, "இது நான்காவது த" என்று தன் வரிசையில் எண்ணினான். ஒன்பது! 'ர' இரண்டு. திருப்பினால் 29. மேளகர்த்தா அட்டவணையில் சரிபார்த்தார்கள். தீரசங்கராபரணம் 29 தான். ஹனுமத்தோடியில் 'ஹ' எட்டு, 'ந' சூன்யம், திருப்பினால் 08.

29-ஆம் தட்டு தமிழ் அலமாரியில் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த முதல் புத்தகத்தைத் திறக்க ஒரு மொழி தெரிந்தவன் போதவில்லை. இரண்டு பேர் வேண்டியிருந்தது. மூன்று பேர் சேர்ந்துதான் விடை தர வேண்டும் என்ற விதியின் அருமை அன்று எல்லோருக்கும் புரிந்தது.

ரங்கநாதன் சொன்னது

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். நூலகத் துறை அறிந்த ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். "சீர்காழி ரங்கநாதன், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று விதி வகுத்தார். நீங்கள் புத்தகம் இருக்கும் இடத்தைச் சொல்லாமல் குழந்தையை அலையவிடுகிறீர்களே?"

நல்ல கேள்வி. எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-ல் பிறந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். சேர்ந்த சில நாளில் தனிமை தாங்காமல், மறுபடி கல்லூரிக்கே போய்விடுகிறேன் என்று மன்றாடினாராம். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து பிறகு சொல்லுங்கள் என்று அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே சில துண்டுகளை மாற்றி மாற்றி மாட்டினால் வெவ்வேறு பொம்மைகள் உருவாவதைக் கண்டதும் புத்தகங்களை வகைப்படுத்தும் யோசனை பிறந்தது. அதுதான் 1933-ல் வெளியான கோலன் பகுப்பு முறை. விளையாட்டுப் பொருளிலிருந்து நூலக சாஸ்திரம் வந்திருக்கிறது பாருங்கள்! ஐந்து விதிகளை விளக்கும் அவருடைய நூல் 1931-ல் வெளிவந்தது.

அவருடைய நேர விதி, என்ன வேண்டும் என்று தெரிந்து வருகிற வாசகருக்கானது. அவரைக் காக்க வைப்பது பாவம். எங்கள் குழந்தைக்கோ என்ன வேண்டும் என்றே தெரியாது. அதற்கு முன்னால் அவருடைய இன்னொரு விதி இருக்கிறது: ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. 29-ஆம் தட்டில் தூங்கும் புத்தகத்துக்கு வாசகரைத் தேடிக் கொடுப்பதுதான் புதிரின் வேலை. வழியில் நான்கு தட்டுகளைத் தடவி, நான்கு அட்டைகளைப் பார்த்து, ஒன்றைப் பிரித்து நின்றபடியே இரண்டு பக்கம் படித்துவிடும் குழந்தையின் நேரம் வீணானதாக நான் எண்ணவில்லை.

குறைகளும் உண்டு. விடை கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஓடுகிற பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள். புதிர் வாசல் வரைக்கும்தான் கூட்டிக்கொண்டு போகும். உள்ளே உட்கார வைப்பது புத்தகத்தின் சாமர்த்தியம். அதனால் அட்டைக்காகத் தேர்ந்தெடுக்கும் புத்தகம் படிக்க ஸ்வாரஸ்யமானதாக இருக்க வேண்டும். விடையுள்ள பக்கம் ஒரு நல்ல கதையின் நடுவில் இருந்தால், "இதற்கு முன்னால் என்ன நடந்தது?" என்று பிள்ளை முதல் பக்கத்துக்குப் போகும். இது அனுபவத்தில் கண்டது. சத்தமும் வரும். மௌனமாகப் புதிர் தீர்க்கும் குழந்தையை நான் பார்த்ததில்லை. அலமாரிப் பூட்டைத் திறந்தாக வேண்டும். சில புத்தகங்கள் கிழியும், ஒன்றிரண்டு தொலையும். கிழிந்த புத்தகத்தை ஒட்டுவதும் குழந்தைகளுக்கு ஒரு வேலைதான்.

வருஷ முடிவு

கல்வியாண்டு முடிந்ததும் பதிவேட்டை நிர்வாகத்தின் முன் வைத்தேன். நான் எதுவும் பேசவில்லை. நூலக வகுப்பு தப்பியது. கம்ப்யூட்டர் மேஜைகளும் வந்தன. அதைத் தடுக்க நான் விரும்பவும் இல்லை, முடிந்திருக்கவும் முடியாது. தமிழ் அலமாரி முழுசாகத் தப்பவில்லை. இரண்டு தட்டுகள் மிஞ்சின. எந்தப் புத்தகங்கள் அந்த இரண்டு தட்டில் இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்தது பிள்ளைகள்தான், அதில் வங்காளிப் பிள்ளைகளும் உண்டு. வாண்டுமாமாவும் அம்புலிமாமாவும் இருந்தன. கணக்கதிகாரமும் இருந்தது, பலாப்பழத்தை அவர்கள் மறக்கவில்லை. மற்றவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போகாமல் ஓர் அன்பர் வீட்டில் இடம் பிடித்து வைத்தோம்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த ஊரானாலும் நம் சங்கக் கிளைகளில் ஓர் அறையும் ஒரு பீரோ புத்தகமும் இருக்கும். வீடுகளில் பெரியவர்கள் விட்டுப் போன புத்தகங்கள் பரணில் இருக்கும். பள்ளி நூலகத்துக்கு உதவ முடிகிறவர்கள் உதவுங்கள். முடியாதவர்கள் வீட்டுக் கூடத்திலேயே ஆரம்பிக்கலாம். குழந்தைகள் 'படிப்பதே இல்லை' என்று அவர்கள் காதுபடச் சொல்லாதீர்கள். ஓர் அட்டை எழுதிக் கதவில் ஒட்டுங்கள். விடையுள்ள புத்தகம் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கட்டும். பரிசு தராதீர்கள்; அடுத்த புதிரை உங்களுக்குப் போடச் சொல்லுங்கள். நீங்கள் விடை தெரியாமல் விழிப்பதைப் பார்ப்பதைவிடப் பெரிய பரிசு எந்தப் பேரனுக்கும் பேத்திக்கும் கிடையாது. அவர்கள் வங்காளியிலோ கன்னடத்திலோ மராத்தியிலோ கேட்டால் கேட்கட்டும். எழுத்தைத் தேடிக்கொண்டு உங்களிடம் வருவார்கள். அப்போது ஸ்லேட்டோடு தயாராக இருங்கள்.

முடிப்பதற்கு முன் உங்களுக்கும் இரண்டு புதிர்கள். ஒன்று: 49 வீடுகள் உள்ள தெருவில், இரு பக்கக் கூட்டுத்தொகையும் சமமாக இருக்கும் வீட்டின் எண் என்ன? இரண்டு: மேசகல்யாணி ராகத்தின் எண்ணை அட்டவணை பார்க்காமல் சொல்லுங்கள். விடையை நான் சொல்லப் போவதில்லை. வீட்டில் ஒரு குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கண்டுபிடியுங்கள்.